கண்ணுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தலாமா?

போன வாரம் சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். "அக்கா, எனக்கு லூபஸ்னு சொல்லி ஹைட்ராக்சிகுளோரோகுயின் எழுதிக் கொடுத்திருக்காங்க. அந்த மாத்திரை கண்ணைக் கெடுத்துடும்னு யூடியூப்ல ஒருத்தர் பேசுறார். வீட்டுல எல்லாரும் பயப்படுறாங்க. நிறுத்திடவா?"

இதே கேள்வியை ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்த எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் அவளுக்கு அனுப்பிய பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் இந்த லூபஸ் நோயோடு பத்து வருஷத்துக்கு மேலாக இருப்பவள், அதை அடக்கி வைக்கும் அதே மாத்திரையை இன்றும் விழுங்குகிறவள். மதுரையில் கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்து பிழைக்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டில், கொக்கி ஊசியால் ஜரிகையும் பாசியும் குந்தன் கல்லும் வைத்துத் தைக்கிற வேலை. கண் போனால் எனக்குச் சோறு போய்விடும். அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன்: நிறுத்தாதே.

ஏன் என்றால், இத்தனை வருஷத்தில் என் கண்ணுக்கு நிறைய வந்திருக்கிறது. அதில் எதுவுமே அந்த மாத்திரையால் வந்ததில்லை. சில நோயால் வந்தன, சில ஸ்டீராய்டால் வந்தன. எல்லோரும் பயப்படுகிற மாத்திரை இதுவரை என் கண்ணைத் தொடவில்லை. பயம் தவறான இடத்தில் போய் நிற்கிறது என்பதுதான் என் வருத்தம்.

முதலில் வந்தது உலர் கண். கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், சாயங்காலம் ஆனால் எரிச்சல், ஏசி பஸ்ஸில் ஏறினால் கண்ணைத் திறக்கவே முடியாது. "பொழுதன்னைக்கும் ஊசியையே பார்த்துக்கிட்டு இருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்" என்று என் அத்தை, அதாவது மாமியார், வேலையை விடச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. உற்றுப் பார்த்து வேலை செய்யும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடும், இருக்கிற ஈரமும் காய்ந்துவிடும். ஆனால் ஈரமே சுரக்காமல் போனதற்குக் காரணம் லூபஸ். கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் அது விட்டுவைக்காது. லூபஸ் உள்ளவர்களுக்குக் கண்ணில் வரும் தொந்தரவுகளில் அதிகம் காணப்படுவது இதுதான், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரும் என்கிறார்கள். எனக்குத் தண்ணீர் குடிக்காமல் இட்லி இறங்காது. அந்த வாய் வறட்சியும் இதோடு சேர்ந்ததுதான் என்று பிறகு தெரிந்தது.

இதற்கு ஷிர்மர் என்று ஒரு சோதனை உண்டு. மெல்லிய வடிதாள் துண்டை மடித்துக் கீழ் இமையில் மாட்டிவிட்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். தாளில் ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அளப்பார்கள். பத்து மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் பொதுவாகக் கவலையில்லை. ஐந்துக்குக் கீழே இருந்தால் கண்ணீர் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இரண்டு கண்ணிலும் ஐந்தைத் தொடவில்லை. அன்றிலிருந்து செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு என் வேலைப் பெட்டியில் நூல்கண்டோடு நூல்கண்டாகக் கிடக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் இல்லாத, ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் சின்னக் குப்பிகளைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் காய்ந்த கண்ணை அந்த வேதிப்பொருள் இன்னும் எரிக்கும்.

அத்தை பாசத்தில் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் பிழியச் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிற எனக்குக் கண்ணில் கிருமி புகுந்தால் என்ன ஆகும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அத்தை புரிந்துகொண்டார்கள். இப்போது சொட்டு மருந்து தீர்ந்துபோனால் எனக்கு முன்னால் அவர்கள்தான் கவனிப்பார்கள்.

இன்னொன்று சிவந்த கண். நம் ஊரில் கண் சிவந்தால் உடனே மெட்ராஸ் ஐ. மருந்துக் கடையில் கேட்டால் ஒரு சொட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சொட்டில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். லூபஸ் உள்ளவர்கள் தயவுசெய்து அப்படி வாங்கி விடாதீர்கள். மெட்ராஸ் ஐ என்றால் பீளை வரும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், வீட்டில் இன்னொருவருக்குத் தொற்றும். லூபஸில் கண்ணின் வெள்ளைப் பகுதியே வீங்கும் ஒன்று உண்டு, ஸ்கிளிரைட்டிஸ் என்பார்கள். அதில் பீளை இருக்காது. எலும்புக்குள் குடைகிற மாதிரி ஒரு வலி இருக்கும். நெற்றி, தாடை வரை இழுக்கும், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். அது கண்ணோடு நிற்கிற விஷயமில்லை. உடம்புக்குள் நோய் கிளம்பியிருக்கலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

அப்புறம் என் வாழ்க்கையைத் திருப்பிய சோதனை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆரம்பித்தால் முதல் வருஷத்துக்குள் ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துக் குறித்து வைத்துவிட வேண்டும், பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க. அதற்காகத்தான் போனேன். அன்றைக்கு எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். சொட்டு விட்டு, கண்மணி விரிந்த பிறகு, விளக்கடித்துப் பார்த்த டாக்டர் அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். "மாத்திரையால எந்தக் கெடுதலும் இல்லம்மா. ஆனா விழித்திரையில அங்கங்க வெள்ளையா பஞ்சுப் பொட்டு தெரியுது. மூட்டு டாக்டரை எப்பப் பார்த்தீங்க? யூரின் டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?"

அந்தப் பொட்டுகள் என்னவென்றால், விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய் அடைபடும்போது அந்த இடத்து நரம்பிழைகள் வீங்கி வெள்ளையாகத் தெரிவது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் வரும். லூபஸ் உள்ளவருக்கு வந்தால், உடம்பில் நோய் கிளம்பியிருக்கிறதா என்று தேட வேண்டும். நம் உடம்பில் வெட்டிப் பார்க்காமல் சின்ன ரத்தக் குழாயை நேரடியாகக் கண்ணால் பார்க்க முடிகிற இடங்களில் ஒன்று விழித்திரை. அங்கே அடைத்திருந்தால் வேறு எங்கேயும் அடைத்திருக்கலாம். அவர் அப்போதே கடிதம் எழுதிக் கொடுத்தார். லூபஸுக்கு வைத்தியம் பார்க்கும் மூட்டு வாதப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. கால் கூட வீங்கியிருக்கவில்லை எனக்கு. சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் லூபஸ் அங்கே உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினலேட் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் பொட்டுகளும் மறைந்தன, சிறுநீரும் சரியாகி வந்தது.

"மாத்திரைக்காகக் கண் டெஸ்ட்" என்று ஒரு சடங்காக அதைத் தள்ளிப் போட்டிருந்தால் என் சிறுநீரகம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கண் பரிசோதனை என்றாலே மாத்திரையின் பக்கவிளைவைப் பார்க்க மட்டும்தான் என்று எண்ணுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

அதே ஓ.பி.யில் எனக்குப் பழக்கமான ஒரு அக்காவுக்கு வேறு மாதிரி நடந்தது. காலையில் எழுந்தபோது ஒரு கண்ணில் பாதிக்கு மேல் இருட்டு. வலியே இல்லை. விழித்திரையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது. ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பவர்களுக்கு இப்படி உறையும் ஆபத்து அதிகம். லூபஸ் உள்ளவர்களில் கணிசமான பேருக்கு அது உண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், உங்கள் ஃபைலில் அந்தப் பரிசோதனை இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். திடீரென்று பார்வை மறைப்பது, திரை விழுந்தது போலத் தெரிவது, கண்ணை அசைத்தால் வலித்து நிறமெல்லாம் மங்குவது, இதில் எதுவாக இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்கக்கூடாது. வலி இல்லையே என்று அந்த அக்கா வீட்டில் மறுநாள் வரை காத்திருந்தார்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு. சிறுநீரகத்தைக் காப்பாற்றியது அதுதான், அதனால் அதை நான் திட்ட மாட்டேன். ஆனால் அதற்கான விலையைக் கண் கொடுத்தது. எதிரே வரும் வண்டி விளக்கு கண்ணில் சிதறியது. வெயிலில் போனால் எல்லாம் வெளுத்துத் தெரிந்தது. தந்தநிறப் பட்டில் வெள்ளை முத்து வைக்கச் சொன்னால் எது முத்து, எது துணி என்று பிரியவில்லை. கண்புரை. வயதானவர்களுக்கு வருவது போல் இல்லாமல், ஸ்டீராய்டால் வருவது பெரும்பாலும் லென்ஸின் பின்பக்கத்தில் படியும். அதனால் வெளிச்சத்திலும் கிட்டப் பார்வையிலும்தான் முதலில் தொந்தரவு தரும். முப்பது தாண்டிய சில வருஷத்திலேயே புரையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நோய் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு கண்ணுக்கு அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள். முத்து முத்தாகத் தெரிந்த அன்று அழுதுவிட்டேன்.

புரையாவது தெரியும். கண் அழுத்தம் ஏறுவது தெரியவே தெரியாது. 10 முதல் 21 வரை சாதாரண அளவு என்பார்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களில் சிலருக்குச் சத்தமில்லாமல் அது ஏறி, பார்வை நரம்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். மாத்திரை மட்டுமில்லை, சொட்டாக விட்டாலும் ஏறும். மருந்துக் கடைச் சொட்டை வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஸ்டீராய்டு நடக்கும் காலத்தில் ஒவ்வொரு முறை கண்ணைக் காட்டும்போதும் "கண் பிரஷர் பார்த்தாச்சா" என்று நானே கேட்டுவிடுவேன்.

சரி, அந்த மாத்திரைக்கு வருகிறேன். ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரையைப் பாதிக்குமா? பாதிக்கும். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. விழித்திரையின் நடுப்பகுதியைச் சுற்றி வளையம் போலச் சேதம் வரலாம். வந்துவிட்டால் திரும்பாது. மருந்து உடம்பில் நீண்ட நாள் தங்கும் என்பதால் நிறுத்திய பிறகும் கொஞ்சம் பரவக்கூடும். ஆனால் அது எப்போது, யாருக்கு, எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் சாப்பிட்டால், முதல் ஐந்து வருஷத்தில் பாதிப்பு வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. பத்து வருஷம் வரை 2 சதவீதத்துக்கும் கீழே. இருபது வருஷம் ஆகும்போதுதான் அது 20 சதவீதத்தை நெருங்குகிறது. அதனால்தான் ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் சோதனை. சிறுநீரகம் பழுதானவர்கள், மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள், ஏற்கனவே விழித்திரை நடுவில் கோளாறு உள்ளவர்கள் ஐந்து வருஷம் காத்திருக்கக்கூடாது. சிறுநீரகம் வழியாக மருந்து வெளியேறுவது குறைந்தால் உடம்பில் அளவு கூடிவிடும். எனக்குத் தொடக்கத்திலிருந்தே வருஷம் ஒரு முறை பார்ப்பது இதனால்தான்.

அந்த 5 மில்லிகிராம் கணக்கை நம் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம், கஷ்டமே இல்லை. ஸ்டீராய்டில் ஊதி நான் 60 கிலோ இருந்தேன். 60 பெருக்கல் 5, ஒரு நாளைக்கு 300. மாத்திரை 200 மில்லிகிராம். ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் சராசரி 300. சரியாக இருந்தது. ஸ்டீராய்டு குறைந்து எடை 52-க்கு இறங்கியது. 52 பெருக்கல் 5, 260. பழைய சீட்டிலேயே ஓடினால் அளவு மீறும். எடை குறைந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் கணக்குப் போட்டு, தினம் ஒன்று, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இரண்டு என்று மாற்றிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்பது மாத்திரை, 1800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 257. எடை பார்க்காமல் எல்லோருக்கும் தினம் 400 என்று ஓடுகிற சீட்டுகளை ஓ.பி. வரிசையில் நான் பார்த்திருக்கிறேன். 45 கிலோ பெண்ணுக்கு அது அதிகம். நீங்களாகக் குறைக்காதீர்கள், கணக்கைப் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

சோதனை என்றால் அட்டையில் எழுத்து வாசிப்பது இல்லை. சேதம் தொடங்கியவர்கள்கூட அட்டையைக் கடைசி வரி வரை வாசித்துவிடுவார்கள். இரண்டு சோதனை முக்கியம். ஒன்று ஓ.சி.டி. ஸ்கேன், விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரிப் படம் எடுக்கும். தாடையை வைத்துப் பச்சைப் புள்ளியைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் முடியும். மற்றது ஃபீல்ட் டெஸ்ட். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு, ஓரத்தில் பொடி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். இந்தச் சோதனையில் எல்லோருக்கும் பயம். வேண்டுமென்றே சில வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாகப் போடுவார்கள், அதனால் தவறவிட்டதைப் போலவே இருக்கும். பதற வேண்டாம். உலர் கண் உள்ளவர்கள் உட்காருவதற்கு முன்னால் சொட்டு விட்டுக்கொள்ளுங்கள், தாராளமாகச் சிமிட்டுங்கள். களைப்பில் சரியாகச் செய்யவில்லை என்று தோன்றினால் இன்னொரு நாள் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். இன்னொரு விஷயம், ஆசிய நாட்டவரில் பலருக்கு இந்தச் சேதம் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் இல்லாமல் கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறது. அதனால் நடுப்பகுதியை மட்டும் பார்க்கும் 10-2 என்ற வகை போதாமல் போகலாம், 24-2 அல்லது 30-2 என்ற அகலமான வகையும் எடுக்க வேண்டியிருக்கும். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு காவல் போட்டு ஏன் இந்த மாத்திரையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்? 1991-ல் கனடாவில் ஒரு ஆய்வு நடந்தது. நோய் அடங்கி, மாத்திரையோடு நன்றாக இருந்த 47 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மாத்திரையைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு அதே மாதிரி தோன்றும் வெறும் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் கிளம்பியது மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. நோய் கிளம்பினால் ஸ்டீராய்டு ஏறும். ஸ்டீராய்டு ஏறினால் புரை, கண் அழுத்தம். நோயே விழித்திரைக் குழாய்களை அடைக்கும். கண்ணுக்குப் பயந்து இதை நிறுத்துகிறவள் கடைசியில் கண்ணைத்தான் பணயம் வைக்கிறாள்.

2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்கு இது மருந்து என்று செய்தி பரவியபோது எங்கள் தெருவில் எந்தக் கடையிலும் மாத்திரை கிடைக்கவில்லை. ஊரடங்கில் என் வீட்டுக்காரர் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். எங்களுக்கு உயிர் மருந்தாக இருப்பதை ஆரோக்கியமாக இருப்பவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. கொரோனாவுக்குப் பயனில்லை என்று சில மாதத்தில் ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஆனால் "கண்ணைக் கெடுக்கும் மாத்திரை" என்று அப்போது தொலைக்காட்சியில் ஓடிய பேச்சு மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

மதுரைக்காரி என்பதால் இதையும் சொல்ல ஆசை. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு இள வயதிலேயே முடக்குவாதம். லூபஸுக்குப் பக்கத்து வீட்டு நோய் அது. விரல்கள் கோணிப்போனதால் பிரசவ மருத்துவராகும் ஆசையை விட்டுக் கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார். காலையில் விரல் மடங்காமல் ஊசியைப் பிடிக்க முடியாத நாட்களில் அவரை நினைத்துக்கொள்வேன்.

தங்கச்சி, உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கண் டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக "எனக்கு லூபஸ், இந்த மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்" என்று சொல். உன் எடை, மாத்திரையின் அளவு, ஆரம்பித்த தேதி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, இதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போ. மூட்டு டாக்டரும் கண் டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வாய்ப்புக் குறைவு, அந்தத் தாள்தான் பேச வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடு, கர்ப்பத்திலும் இந்த மாத்திரையைத் தொடரவே பெரும்பாலும் சொல்வார்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயில் கூசும், அதனால் வண்டி ஓட்டாமல் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போ. வரும்போது ஓ.சி.டி. படத்தின் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் வை. பல வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் பார்த்தாலும், உன் முதல் வருஷத்துக் கண்ணோடு ஒப்பிட அவருக்கு அது வேண்டும்.